எந்தக் குடி?

குருமண்வெளித் துறையில் பொழுதுபட்ட பிறகு பாதைக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். வெளியூர்க்காரருக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் பாதை என்றால் நடக்கிற வழியல்ல. ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. நாங்கள் நிற்கிற கரை எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். எதிரே மண்டூர் விளக்குகள் தெரிவது படுவான்கரை. மண்டூர் முருகனிடம் போகிறவர், வயல்வட்டைக்குப் போகிறவர், சம்பந்தம் பேசப் போகிறவர் எல்லோரும் அந்த ஒரே தட்டில்தான் தோள் உரச நிற்க வேண்டும்.

அமாவாசையை ஒட்டிய இரவு. பாதை அக்கரையில் கிடந்தது. கரையோரக் கண்ணா மரங்களுக்குள் மின்மினிகள் பூத்து அவிந்துகொண்டிருந்தன. எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பொடியன் என்ன குடிகா?"

"காலிங்க குடி."

"அப்ப ஒத்துவரும். வீடு?"

"கட்டியாச்சி. ஓடு போடத்தான் கிடக்கு."

"வயல்?"

"ரெண்டு ஏக்கர் குடுக்கம்."

"மறுகா என்னகா, பேசி முடிச்சிருங்க."

ஐந்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கை முடிவாகிவிட்டது. மரத்துக்குள் நடந்துகொண்டிருந்த பேச்சு அதைவிட நீண்டது.

மின்மினிகளிலும் முதற்கேள்வி குடிதான். பல இனங்களில் பறந்து திரிந்து மினுக்குவது ஆண். பெண் இலையிலோ புல்லிலோ அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மனதுக்குப் பிடித்தால் ஒரு தடவை மினுக்கும், பிடிக்காவிட்டால் இருட்டாகவே இருந்துவிடும். ஆணின் ஒளிக்கும் பெண்ணின் மறுமொழிக்கும் நடுவே உள்ள இடைவெளி இனத்துக்கு இனம் வேறு. ஒரு வினாடியின் சிறு பகுதி முன்பின்னாக வந்தாலும் அது வேற்றுக் குடி, பேச்சு அங்கேயே முறிந்துவிடும். 1960களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் லாயிட் என்ற பூச்சியியலாளர் இரவிரவாகப் புல்வெளிகளில் கிடந்து இந்தப் பேச்சைப் படித்தார். 1965இல் அவர் வெளியிட்ட ஒரு குறிப்பு, பூச்சிகளின் காதலைப் பற்றி இனிமையாக எழுத நினைப்பவர் வாயை அடைத்துவிடும். போட்டூரிஸ் என்ற பெரிய மின்மினியின் பெண், வேறோர் இனத்துப் பெண்ணின் இடைவெளியைக் களவாகப் பயன்படுத்தி மறுமொழி சொல்லும். அந்த இனத்து ஆண் மாப்பிள்ளையாக இறங்கி வரும். பெண் அதைப் பிடித்துத் தின்னும். தின்றதில் பசி தீர்வதோடு, சிலந்திகள் வாயில் வைக்கக் கூசும் கசப்பு நஞ்சும் அதன் உடலில் சேர்கிறது என்று பின்னால் கண்டார்கள். குடி கேட்பது நல்ல வழக்கம்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை சரியாக வந்துவிட்டதாலேயே சம்பந்தம் சரி என்று ஆகிவிடாது.

மட்டக்களப்பு வாவியின் பேரைச் சொன்னால் வெளியார் நினைப்பது பாடும் மீனை. முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊர் விருந்தோம்பலின் ஒரு பகுதி. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி கேட்டு வியந்து எழுதினார். ஊரி என்ற நத்தைதான் குரல் கொடுக்கிறது என்று அன்றைய மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். மீனா ஊரியா என்ற வழக்கு இன்றும் சாயக்கடைகளில் நடக்கிறது. அந்தப் பாட்டு யாருக்காக, கேட்கிற பெண்மீன் என்ன முடிவு எடுக்கிறது என்று யாரும் வழக்காடிக் கேட்டதில்லை. பாட்டு என்றால் எங்களுக்குப் பாடுகிறவனோடு முடிந்துவிடுகிறது.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமல்ல. 1871இல் மனிதனின் வழிமரபு பற்றிய நூலில் டார்வின் இரண்டு விஷயங்களைச் சொன்னார். துணைக்காக ஆண்கள் தமக்குள் மோதுகின்றன என்பது ஒன்று. பெண்கள் தெரிவு செய்கின்றன என்பது மற்றது. கொம்பு, கொடுக்கு, தந்தம் எல்லாம் முதலாவதால் வந்தவை. நிறம், பாட்டு, ஒளி எல்லாம் இரண்டாவதால். முதலாவதை இங்கிலாந்துக் கனவான்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள். வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது இயல்பாகப் பட்டிருக்கும். இரண்டாவது தொண்டையில் சிக்கியது. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த வாலஸே 1889இல் எழுதிய நூலில் அதை மறுத்தார். பூச்சிக்கு அழகு தெரியுமா, அதிலும் பெண்பூச்சிக்கு? ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்தப் பாதிக் கொள்கை மூலையில் கிடந்தது. பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்தது, பல்கலைக்கழகக் கதவு திறந்தது, அதன் பிறகே பெண் ஈ தெரிவு செய்கிறது என்பதை அறிவியல் பரவலாக ஒத்துக்கொண்டது. காலவரிசையை மட்டும் சொல்கிறேன்.

நடுவில் 1948இல் பேட்மன் என்பவர் இங்கிலாந்தில் பழ ஈக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஆண் எத்தனை பெண்களோடு கூடுகிறதோ அத்தனைக்கு அதன் பிள்ளைகள் பெருகும். பெண்ணுக்கு ஒன்றே போதும் என்பது முடிவு. பாடநூல்கள் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. 2012இல் பட்ரீசியா கோவாட்டி என்ற பெண் ஆய்வாளரும் அவருடன் இருந்தோரும் அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். யார் யாருடைய பிள்ளை என்று அறிய பேட்மன் பயன்படுத்திய குறைபாட்டு அடையாளங்கள் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகச் சேர்ந்தபோது, பல பிள்ளைகள் எண்ணப்படுவதற்கு முன்பே செத்துப்போயிருந்தன. அவருடைய பழைய கணக்கில் தாய்மாரைவிடத் தந்தைமாருக்குப் பிள்ளைகள் கூடுதலாக விழுந்திருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாயும் ஒரு தந்தையும்தான் என்பது எங்கள் ஊர் மருத்துவிச்சிக்குத் தெரியும். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்தக் கூட்டலை யாரும் சரிபார்க்கவில்லை. விடை பிடித்திருந்தால் கணக்கை ஏன் பார்க்க வேண்டும்?

சீதனத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

குளத்து நீர் வற்றிய அலைகரையில் தேள்கொடுக்குச் செடி காய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பூங்கொத்து தேளின் வால்போல் வளைந்திருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாத செடி. அதன் வாடிய தண்டிலே பட்டாம்பூச்சிகள் மொய்த்துக் கிடக்கும்: கறுப்பில் இளநீலக் கோடு போட்டவை, பழுப்புக் கறுப்பில் ஓரத்து வெள்ளைப் புள்ளி வைத்தவை, எருக்கலையில் புழுவாக வளர்ந்து செம்மஞ்சளாய்ப் பறப்பவை. பூவுமில்லை, தேனுமில்லை, பட்ட தண்டில் என்ன வேலை? உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள். அவை அந்தச் செடியின் கசப்பு நஞ்சை உறிஞ்சுகின்றன. கிலுகிலுப்பையிலும் அதே வேலைதான். அந்த நஞ்சிலிருந்து ஒரு வாசனையைச் செய்து, வயிற்று நுனியில் மடித்து வைத்திருக்கும் மயிர்க்குச்சத்தை விரித்துப் பெண்ணின் முகத்தருகே வீசும். 1960களில் இதே குடும்பத்து அமெரிக்கப் பட்டாம்பூச்சியில் இதைச் சோதித்தார்கள். வாசனை இல்லாத ஆணைப் பெண் பெரும்பாலும் ஏற்பதில்லை. வாசனை ஒரு விளம்பரம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கூடும்போது ஆண் அந்த நஞ்சின் பெரும்பங்கைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. பெண் அதை முட்டைகளில் சேர்த்து வைக்கிறது. எறும்பும் வண்டும் அந்த முட்டையைத் தொடத் தயங்கும். பெண் முகர்ந்து பார்ப்பது அழகையல்ல, ஐந்தொகையை.

இந்தச் சீதனம் மாப்பிள்ளை கொண்டுவருவது. தானே தேடியது, காய்ந்த செடியில் மணிக்கணக்காகத் தொங்கிச் சம்பாதித்தது. மாமனார் தலையில் கட்டியதல்ல. போய்ச் சேர்வதும் பிள்ளைகளுக்கு. இதை எங்கள் ஊரில் கல்யாணம் பேசும் பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை சொன்னேன். "பூச்சிக்கு வேற வேலையில்ல," என்றார்.

கருவண்டுக்கு வேறு வேலை உண்டு. தென்னங்குருத்தைத் துளைத்து நாசமாக்கும் அந்த வண்டின் தலையில் ஒரு கொம்பு. ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் கட்டை. அழுகிய தென்னங்குற்றியும் எருக்குவியலும் அதன் பிள்ளைப்பேற்று அறைகள். 1978 நவம்பர் சூறாவளி எங்கள் தென்னந்தோப்புகளைப் பாயாகப் படுக்கவைத்தபோது அறைக்குப் பஞ்சம் இருந்திராது. கொம்பு வண்டுகளில் ஆணும் ஆணும் குற்றி வாசலில் முட்டித் தள்ளும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொம்புமுறி நினைவு வரும். மழை பொய்த்தால், நோய் பரவினால், கண்ணகி அம்மனைக் குளிர்விக்க எங்கள் ஊர்களில் ஆடிய விளையாட்டு அது. வளைந்த வைரக் கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் பூட்டி, ஊரே இரண்டாகப் பிரிந்து இழுக்கும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. ஒரு கொம்பு முறியும்வரை இழுப்பு. கணவனும் மனைவியும் கட்சி பிரிந்து இழுபடுவதை விழாவாகக் கொண்டாடிய ஊர் உலகில் வேறு எங்கே இருக்கிறதோ. வண்டுகளின் கொம்பில் இந்த நேர்மை இல்லை. அங்கே இழுப்பு ஆணுக்கும் ஆணுக்கும். பெண் வெற்றிப் பொருள் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள்.

ஆனால் சாணவண்டுகள் அந்தக் கதையைக் கெடுத்துவிட்டன. மாட்டுச் சாணத்தடியில் பெண் சுரங்கம் தோண்டும். கொம்பு பெரிய ஆண் வாசலில் காவல் நிற்கும். அதே இனத்தில் புழுப்பருவத்தில் சாப்பாடு போதாமல் சிறுத்துப்போன ஆணுக்குக் கொம்பே முளைப்பதில்லை. அது சண்டைக்குப் போகாது. பக்கத்தில் தனியாகத் தோண்டிக்கொண்டு, காவலாளியின் காலடிக்குக் கீழே குறுக்குச் சுரங்கம் வழியாக உள்ளே போய்விடும். வீரம் வாசலில் நிற்கிறது. பிள்ளைகள் யாருடையவை என்பது வேறு கேள்வி. வாசலில் நிற்கிற கொம்பை மட்டும் பார்த்து வரலாறு எழுதிய வழக்கம் பூச்சியியலுக்கு மட்டும் சொந்தமல்ல. கருவண்டின் கதைக்கும் ஒரு முடிவு உண்டு: ஆண் வெளிவிடும் வாசனையை இப்போது ஆய்வகத்தில் செய்து பைக்கற்றில் விற்கிறார்கள். வாளியில் தொங்கவிட்டால் ஆணும் பெண்ணும் வந்து விழும். கொம்பு வாளியில் உதவாது.

மாரி முடிந்ததும் மட்டக்களப்பில் சுகாதாரப் பரிசோதகர்கள் வளவு வளவாக வருவார்கள். சிரட்டையைக் கவிழ், பூச்சாடித் தட்டைக் கழுவு, டயரை எடு. டெங்கு நுளம்புக்கு எதிரான போர். அந்த ஏடிஸ் நுளம்பின் பெண்ணைப் பற்றி அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு: அது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஆணோடுதான் கூடும். பத்தினி என்ற சொல் எங்கள் கரையில் தெய்வத்தின் பெயர்; வைகாசியில் அவளுக்குச் சடங்கு. நுளம்புக்கு அதைச் சூட்ட எனக்கு வாய் வராது. காரணம் பயபக்தி மட்டுமல்ல. 1967இல் ஜோர்ஜ் கிரெய்க் என்பவர் இந்தக் கற்பின் ஊற்றைக் கண்டுபிடித்தார். ஆண் தன் விந்தோடு ஒரு சுரப்பியின் நீரையும் செலுத்துகிறது. அந்த நீர் உடலில் ஏறிய பெண் அதன்பின் வேறு ஆணை ஏற்பதில்லை. கூடாத பெண்ணுக்குள் அந்த நீரை மட்டும் வைத்தாலும் அதே விளைவுதான். கற்பு அங்கே ஒரு மருந்தின் பெயர். மருந்து தயாரிப்பவன் ஆண்.

தும்பியிடம் மருந்தில்லை, கருவி இருக்கிறது. மாரி தொடங்கும்போது வாவியோரம் நிறைந்து பறக்கும் தும்பிகள் சோடி சோடியாக, ஆண் பெண்ணின் கழுத்தைத் தன் வால்நுனியால் பிடித்தபடி செல்வதைப் பார்த்து மனம் நெகிழாதவர் இல்லை, வாழ்த்துமடலில்கூட அச்சிடுகிறார்கள். 1979இல் ஜொனதன் வாகே என்பவர் ஊசித்தும்பி ஒன்றின் ஆண்குறியை நுண்ணோக்கியில் பார்த்தார். அதன் முனையில் பின்னோக்கிய முட்கள். தன் விந்தைச் செலுத்துவதற்கு முன்னால், முன்பு வந்தவனுடையதைச் சுரண்டி எடுத்துவிடும் வேலை அவற்றுக்கு. கூடியபின், இன்னொருவன் வந்து இதையே செய்துவிடாமல் இருக்க, பல தும்பி இனங்களில் ஆண் முட்டை இட்டு முடியும்வரை பெண்ணை விடாமல் பிடித்திருக்கும். வாழ்த்துமடலில் இருப்பது காவல்.

இதுவரை சொன்னதில் பெண் என்ன செய்தது? முகர்ந்தது, மினுக்கியது, பேசாமல் இருந்தது. அவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். பல பெண்பூச்சிகளின் உடலில் விந்தைச் சேமிக்கும் பை இருக்கிறது. கூடல் முடிந்து நாட்கள் கழிந்த பின்னும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற வேலை அங்கே நடக்கலாம். இரட்டைப்புள்ளிச் சில்வண்டில் 2002இல் செய்த சோதனை எங்கள் ஊருக்கென்றே செய்தது போலிருந்தது. பெண்ணை உடன்பிறந்த ஆண்கள் இருவரோடு மட்டும் சேர விட்டால் முட்டைகள் குறைவாகவே பொரித்தன. ஓர் உடன்பிறந்தவன், ஒரு புறத்தான் என்று இருவரோடு சேர்ந்தபோது, புறத்தார் இருவரோடு சேர்ந்ததற்கு ஒப்பாகப் பொரித்தன. வெளியே யார் யாரைக் கொண்டுவந்து கட்டிவைத்தாலும், உள்ளே ஒருத்தி இருந்து "என்ன குடி?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் குடி தாயிடமிருந்து வருவது. காலிங்க குடி, உலகிப்போடி குடி, படையாண்ட குடி என்று தமிழரிடம் மட்டுமல்ல, கிழக்கின் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு. ஒரே குடிக்குள் மணம் செய்வது அண்ணன் தங்கை மணம் போல. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் கோயில் முறை குடிப்படி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கும். முக்குவர் சாதியின் பழைய வழமையில் ஆணின் முதுசொமும் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கே போனது. 1876இல் பிரித்தோ என்ற சட்டத்தரணி அந்த வழமையைத் தொகுத்துக் கொழும்பில் அச்சிட்டார். அதே 1876இல் மரபுரிமைக்கான 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து அதை ஓரங்கட்டியது. ஒரு வழமை அச்சேறிய ஆண்டிலேயே சாவதற்கு நல்ல நேரம் பார்த்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் போன வழியில் ஊர் போகவில்லை. தாய்வழி இறங்கிய சொத்து, மகளுக்கு எழுதும் சீதனமாக உருமாறி நிலைத்தது. மூத்தவள் மணம் முடித்தால் அவளுக்கு வீடு. பெற்றோரும் மற்றப் பிள்ளைகளும் ஒதுங்கி, அடுத்தவளுக்கு இன்னொரு வீடு கட்டத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு மனைவி வீட்டுக்கு வருவார். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் எழுதினார். அவர் எழுதியதைப் படித்து, பெண் ஆளும் நாடு என்று நினைத்து வியப்போடு வந்த வெளிநாட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

வியப்பதற்கு முன் ஓர் இரவு குருமண்வெளித் துறையில் நின்றிருக்கலாம். எந்தப் பூச்சியிலும், எதை வைத்திருக்கிறதோ அதைக் கொண்டு அந்தப் பூச்சியே பேரம் பேசும். பட்டாம்பூச்சியின் நஞ்சு அதனுடையது. சுரங்கம் தோண்டிய பெண் வண்டின் சுரங்கம் அதனுடையது. எங்கள் பெண்ணின் வீடு அவள் பெயரில் இருக்கும், உறுதி அவள் பெயரில் இருக்கும், பேச்சு மாமன் வாயில் இருக்கும். உடைமை தாய்வழி; தெரிவு எந்த வழி என்று எந்தக் கட்டளைச் சட்டத்திலும் எழுதவில்லை. அந்த உடைமையையும் அரசு பேனா முனையால் சுரண்டியது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேற்றக் காணிகளில் வாரிசு வரிசையை ஆணுக்கு முதலிடம் தந்து எழுதியது. பிழை என்று தெரிந்து திருத்தப் பல பதிற்றாண்டுகள் பிடித்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நாவலடியையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, தாய் தந்த வீடு இருந்த இடத்துக்குப் பதிலாகக் கிடைத்த நிவாரண வீடுகளில் பல 'குடும்பத் தலைவர்' பெயரில் பதிவாகின. தலைவர் யார் என்று அதிகாரிக்குச் சந்தேகமே வரவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பூந்தாது தின்னும் ஒரு சிறு வெட்டுக்கிளி இருக்கிறது. கூடும்போது ஆண் ஒரு சத்துப்பொதியைப் பெண்ணுக்குக் கொடுக்கும். 1990இல் க்வின், சிமன்ஸ் என்ற இருவர் உணவை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். பூ நிறைந்த காலத்தில் ஆண்கள் போட்டியிட, பெண்கள் தெரிவு செய்தன. பஞ்சத்தில் எல்லாம் தலைகீழ்: பொதிக்காகப் பெண்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ள, ஆண்கள் நின்று தெரிவு செய்தன. அதே பூச்சி, அதே காடு. ஆணும் பெண்ணும் எத்தனை என்பதல்ல கணக்கு. இந்த இரவு வரக்கூடியவர் எத்தனை என்பதே கணக்கு.

அதே 1990இல் இங்கே வேறொரு கணக்கு நடந்தது. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தோரில் 158 பேரைப் படையினர் ஏற்றிச் சென்றார்கள், அவர்கள் திரும்பவில்லை. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஆண்கள். அதன்பின் பல ஆண்டுகள் ஒவ்வோர் ஊரிலும் மிஞ்சிய மாப்பிள்ளைகள் குறைவு. வீடு கேட்பது மாறவில்லை, வீட்டின் அளவு கூடியது. தகப்பனும் தமையனும் இல்லாத வீட்டில் சீதன வீட்டை யார் கட்டுவது? பெண்ணே குவைத்துக்கும் சவூதிக்கும் போனாள். அந்நிய வீட்டுச் சமையலறையில் பத்து வருடம் நின்று, தனக்கான வீட்டைக் கல்லுக் கல்லாக அனுப்பிவைத்தாள். வந்து பார்க்கும்போது வயது முப்பத்தைந்து. தெரிவு செய்ய வேண்டிய மாப்பிள்ளை அவள் வயதைத் தெரிவு செய்யவில்லை. வெட்டுக்கிளிப் பெண்ணுக்குப் பொதியாவது மிஞ்சும்.

அந்த ஆண்டுகளில் படுவான்கரையில் மின்சாரம் இல்லை. மின்மினிகளுக்கு நல்ல காலம். ஆறு மணிக்கு மேல் யாரும் விளக்கு ஏற்றி வெளியே வரவில்லை; இளந்தாரிகள் சீட்டியடிக்கவில்லை, பாடவில்லை, சைக்கிள் மணி அடிக்கவில்லை. ஹவாயின் காவாய் தீவில் சில்வண்டுகளின் பாட்டைக் கேட்டு வந்து, பாடுகிற ஆணின் உடலில் புழுவை விட்டுப்போகும் ஓர் ஈ உண்டு. 2003இல் மார்லீன் ஸுக் அங்கே போனபோது இரவு மௌனமாக இருந்தது. சில்வண்டுகள் செத்துப்போயிருக்கும் என்று நினைத்தார். விளக்கை அடித்தால் புல் முழுக்கச் சில்வண்டுகள். ஏறக்குறைய இருபது தலைமுறைக்குள் பத்தில் ஒன்பது ஆண்களின் சிறகு பாட முடியாதபடி மாறிப்போயிருந்தது. மிஞ்சிய ஒன்றிரண்டு பாடகர்களைச் சுற்றி ஊமைகள் பதுங்கி இருந்து, பாட்டைக் கேட்டு வரும் பெண்களை மறித்துக்கொண்டன. உயிர் தப்பியவர் பாடாதவர். பிள்ளை பெற்றவரும் பாடாதவர். இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் வயதில் வாய் திறக்காமல் இருந்து பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

பாதை வந்துவிட்டது. இப்போது துறையில் பெரிய வெள்ளை மின்விளக்கு ஒன்று போட்டிருக்கிறார்கள், பயணிகளின் பாதுகாப்புக்கு. அதன் வட்டத்துக்குள் வரும் கண்ணா மரங்களில் மினுக்கல் இல்லை. வெளிச்சத்தில் ஒளிக்கு மறுமொழி சொல்ல யாருமில்லை. நாங்கள் ஏறினோம். இரும்புத் தட்டு ஆடியது. நடு வாவியில் இருட்டு திரும்பக் கூடியது. பெண்களின் பேச்சு விட்ட இடத்தில் தொடங்கியது.

"அப்ப எல்லாம் சரி. புள்ளைக்கிட்டக் கேட்டயாகா?"

மற்றவள் சற்று நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.

"என்னத்தக் கேக்க? வீடு அவட பேர்லதானே இரிக்கு."